தாளோடு நின்ற கோடுகள்

ஞானசேகரன் பிறந்தது 1968ஆம் ஆண்டு. ஈசூனில், ஒன்பதாவது மாடியில், நான்கறை வீடு. மனைவி பெயர் மங்களேஸ்வரி, பிள்ளைகள் இல்லை. கப்பல் பட்டறை ஒன்றின் சரக்கறையில் இருபத்தொன்பது ஆண்டுகளாக இருப்புப் பதிவேடு எழுதும் வேலை. உடன்பிறந்தவர் ஒருவரே: தம்பி அழகப்பன். அவர் 1971இல் பிறந்து, 2016 ஏப்ரலில் மாரடைப்பால் இறந்தார். அழகப்பனின் மனைவி சுசீலா பிடோக்கில் வசிக்கிறார். அவர்களுக்கு ஒரே மகள், திவ்யதர்ஷினி. ஞானசேகரன் வீட்டுக் கூடத்தின் மூலையில், 2012இல் வாங்கிய பிரிண்டர் ஒன்று இருக்கிறது. மேலே மூடியும் கண்ணாடிப் பலகையும் கொண்டது; அச்சடிக்கும், ஸ்கேனும் செய்யும்.

இவ்வளவும் தகவல்கள். தகவலை முதலில் எழுதிவிட்டு அபிப்பிராயத்தைப் பிறகு எழுத வேண்டும் என்பது ஞானசேகரன் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ஒழுங்கு. அந்த ஒழுங்கை அவர் ஒருமுறை தவறவிட்டார். அந்த ஒருமுறையைப் பற்றியதே இது.

குடும்பப் பதிவேடு என்று ஒன்றை அவர் முப்பது வயதில் எழுதத் தொடங்கினார். யார் எப்போது பிறந்தார், எந்தக் கப்பலில் வந்தார், எங்கே வேலை பார்த்தார், யாரை மணந்தார், எந்தப் பொருள் யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் அதில் உண்டு. ஒரு தேதியை எழுத அவருக்கு மூன்று சான்றுகள் வேண்டும். தாத்தாவின் பிறந்த ஆண்டுக்கு இரண்டு சான்றுகளே கிடைத்தன; அவையும் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஆகவே அந்த இடம் இன்றுவரை வெற்றிடமாகவே இருக்கிறது. அதற்காகச் சித்தப்பா ஒருவர் இரண்டு தீபாவளிகளுக்கு அவரோடு பேசவில்லை. உறவினர்கள் அவரை 'ரெஜிஸ்ட்ரார்' என்பார்கள். கேலியாகத் தொடங்கிய பெயர்தான். நாளடைவில் கேலி உதிர்ந்து, மரியாதை மட்டும் தங்கிவிட்டது. எவருக்கும் ஏதாவது சந்தேகம் என்றால், "ரெஜிஸ்ட்ரார் புக்ல என்ன போட்டிருக்கு?" என்று கேட்பார்கள். போட்டிருந்தால் அத்தோடு பேச்சு முடிந்தது.

பதிவேட்டின் மூன்றாம் பதிப்பை 2018இல் வீட்டுப் பிரிண்டரிலேயே அச்சிட்டு, பதினொரு வீடுகளுக்குக் கொடுத்தார். எழுத்துகள் ஊசியால் கீறியதுபோல் அவ்வளவு தெளிவாக இருந்தன. அதில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது:

"அழகப்பனின் நிழற்படம், 1993. சுசீலாவின் வசம் இருந்தபோது பராமரிப்புக் குறைவால் சேதமுற்றது. இப்போது ஞானசேகரன் வசம் பாதுகாக்கப்படுகிறது."

அந்தப் படத்தின் கதை இது. 1993இல், சிராங்கூன் சாலையில் இருந்த ஒரு ஸ்டூடியோவில், இருபத்திரண்டு வயது அழகப்பன் கடன் வாங்கிய கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு எடுத்துக்கொண்ட படம். பெண் வீட்டாருக்கு அனுப்புவதற்காக எடுத்தது. படம் எடுப்பவர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். சிரிக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தவர் கடைசி நொடியில் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் சம்மதித்ததாகச் சுசீலா பிற்பாடு சொன்னார். பெண் வீட்டுக்குப் போன படம், பெண்ணோடு திரும்பி வந்தது. நெகட்டிவ் கிடையாது. வேறு படிகளும் கிடையா. பிற்காலத்துக் கைத்தொலைபேசிப் படங்களில் அழகப்பன் நிறைய இருந்தார். ஆனால் சாப்பிட்டுக்கொண்டோ, பாதி முகமாகவோ, யாரையோ கூப்பிட்டுக்கொண்டோ இருந்தார்.

முதலாண்டுத் திதிக்குப் பெரிதாக ஒரு படம் வேண்டியிருந்தது. 2017 ஏப்ரல் தொடக்கத்தில், ரவிக்கைத் துண்டில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்து, அந்தப் படத்தைச் சுசீலா ஈசூனுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஞானசேகரன் அதைக் கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து ஸ்கேன் செய்தார். பளபளப்புத் தாள் வாங்கிவந்து அச்சிட்டார். வந்த படத்தில், தம்பியின் நெற்றியிலும் கண்ணுக்குக் கீழும் தாடையிலும், மெல்லிய வெளிர்க் கோடுகள் குறுக்கே ஓடின. முகத்தில் சிவப்பு வற்றி, ஒரு பச்சை நிறம் தட்டியிருந்தது.

தம் பிரிண்டரை அவர் சந்தேகிக்கவே இல்லை. அன்று காலையில்தான் பட்டறைக்காக ஆறு பக்கங்கள் அச்சிட்டிருந்தார். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. அப்படியானால் கோளாறு படத்தில்தான். படம் எங்கே இருந்தது? பிடோக் வீட்டில், அடுப்புக்கு நேர் எதிர்ச்சுவரில் உள்ள அலமாரியில். எண்ணெய்ப் புகை. ஈரம். காரணம் கிடைத்துவிட்டது. ஒரு தேதிக்கு மூன்று சான்று கேட்பவர், இதற்கு ஒரு சான்றும் கேட்கவில்லை. மூலப் படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

திதியன்று, உறவினர்கள் கூடியிருந்த கூடத்தில், அதை எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னார்.

"படம் நல்லாத்தானே இருந்துச்சு அத்தான்?" என்றார் சுசீலா. குரல் எழும்பவில்லை.

"நம்ம கண்ணுக்குத் தெரியாதும்மா. ஸ்கேனருக்குத் தெரியும்."

"நான் ஒரு தடவ பாக்கலாமா?"

"சும்மா சும்மா வெளிய எடுத்தா இன்னும் கெடும். இனிமே எங்கிட்டயே இருக்கட்டும்."

சுசீலா தலையாட்டினார். கோடு விழுந்த முகத்துக்கு மாலை போட்டார்கள். மூலப் படத்தை ஞானசேகரன் ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு, 'சேதமுற்றது' என்று சீட்டெழுதி ஒட்டி, இரும்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினார்.

அதற்குப் பிறகு அந்த உறை திறக்கப்படவில்லை.

2024 ஜூலைக் கடைசியில் திவ்யதர்ஷினி தொலைபேசியில் அழைத்தாள். செப்டம்பர் எட்டாம் தேதி அவளுக்குத் திருமணம்.

"பெரியப்பா, ஸ்டேஜ்ல அப்பா படம் வைக்கணும். அந்தக் கோட்டுப் போட்ட படம். ஆனா அந்த லைன்ஸ் இல்லாம வருமா?"

"கடையில குடுத்துப் பாக்கலாமே திவ்யா."

"வேணாம் பெரியப்பா. கடைல குடுத்தா ஃபில்டர் அடிச்சு அப்பாவ யாரோ ஆக்டர் மாதிரி ஆக்கிருவாங்க. நீங்கன்னா கரெக்ட்டா பண்ணுவீங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மாகிட்ட எதுவும் கேக்காதீங்க, ப்ளீஸ் லா. அந்தப் படத்தப் பத்திப் பேச்செடுத்தாலே அம்மா எந்திரிச்சு கிச்சனுக்குப் போயிருவாங்க."

ஞானசேகரன் சரி என்றார். பழைய ஸ்கேன் கோப்பைக் கணினியில் தேடி எடுத்து, புதிதாக ஒரு முறை அச்சிட்டார். அதே கோடுகள், முன்னைவிட அடர்த்தியாக. மனைவியிடம் காட்டினார்.

"பாத்தியா? மூலத்துலயே போயிருச்சு. இத சாஃப்ட்வேர் தெரிஞ்ச யாராவது பாத்துத்தான் சரி பண்ணணும்."

ஆகஸ்ட் மூன்று, சனிக்கிழமை. தேக்கா சந்தைக்குப் பின்புறத் தெருவில், ஒரு தையற்கடையும் ஒரு நகை அடகுக் கடையும் நெருக்கிக்கொண்டிருக்கும் இடைவெளியில், நூருல் அமீனின் கடை இருந்தது. மை நிரப்புவது, பிரிண்டர் பழுது பார்ப்பது, கடவுச்சீட்டுக்குப் படம் எடுப்பது எல்லாம் அங்கே நடக்கும். ஞானசேகரன் பல ஆண்டுகளாக மை வாங்குவதும் அங்கேதான். ஆனால் நூருல் அமீனிடம் ஒருநாளும் ஓர் ஆலோசனை கேட்டதில்லை.

இரண்டு தாள்களையும் நீட்டினார். 2017இல் அச்சிட்டதன் இன்னொரு படி ஒன்று, முந்தைய நாள் அச்சிட்டது ஒன்று.

"பாய், இந்தப் படத்துல விழுந்த கோட்ட கம்ப்யூட்டர்ல எடுக்க முடியுமா?"

நூருல் அமீன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைச் சாய்த்துப் பார்த்தார். கட்டை விரலால் ஒரு கோட்டைத் தடவினார். பிறகு சிரித்தார்.

"அண்ணே, படத்துல எங்கண்ணே கோடு? இது உங்க மெஷின் போட்ட கோடு."

"இருக்காது பாய். எழுத்தெல்லாம் கண்ணாடி மாதிரி வருது."

"வரும். ஏன் வராது? எழுத்துக்கு ஒரு கருப்பு, படத்துக்கு ஒரு கருப்புண்ணே. உள்ள அஞ்சு டேங்க் இருக்கில்ல? நீங்க எழுத்து அடிக்கறப்ப ஒரே ஒரு கருப்புதான் ஓடுது. மத்த நாலும் சும்மா ஒக்காந்து காயுது. வருஷத்துக்கு ஒரு தடவ கலர் அடிச்சா அடைக்காம என்ன செய்யும்? சிவப்பு பாதி வரல பாருங்க, படத்துல இருக்க தம்பி முகம் பச்சையா கெடக்கு."

ஞானசேகரனின் முகத்தைப் பார்த்துவிட்டு நூருல் அமீனே தொடர்ந்தார்.

"நம்பிக்கை இல்லன்னா ஒண்ணு செய்யுங்க. படத்தப் படுக்கப்போட்டு அடிங்க. அதாவது முகம் சாஞ்சு வர்ற மாதிரி. கோடு முகத்தோட சேந்து திரும்புச்சுன்னா படத்துல கோளாறு. முகம் திரும்பியும் கோடு தாளோடயே நின்னுச்சுன்னா, மெஷின்ல கோளாறு. அவ்ளோதான். இதுக்குக் காசு வேணாம்." பிறகு, ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோல், "எத்தன வருஷமாண்ணே இப்படி வருது?" என்றார்.

"இப்பத்தான். கொஞ்ச நாளா."

சொன்ன உடனே தம் நாக்கு பொய் சொன்னதை அவர் உணர்ந்தார். எதிரே இருந்த தாளின் ஓரத்தில், அவர் கையெழுத்திலேயே, 2017 ஏப்ரல் என்று எழுதியிருந்தது. நூருல் அமீன் அதைப் பார்த்தாரா, பார்த்தும் பார்க்காததுபோல் மடித்துக் கொடுத்தாரா என்பது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் கணினி முன் உட்கார்ந்தார். படத்தைப் படுக்கைவாட்டில் திருப்பினார். அச்சிட்டார். பிரிண்டர் தன் வழக்கப்படி ஒருமுறை இருமி, தாளை உள்ளே இழுத்து, சிறிது சிறிதாக வெளியே தள்ளியது. அழகப்பன் பக்கவாட்டில் சாய்ந்தபடி சிரித்துக்கொண்டு வந்தார். கோடுகள் தாளின் குறுக்கே, இருந்த இடத்திலேயே இருந்தன. முன்பு நெற்றியின் குறுக்கே ஓடியவை, இப்போது நெற்றியிலிருந்து தாடைக்கு நீளவாட்டில் இறங்கின.

முகம் திரும்பியது. கோடு திரும்பவில்லை.

இரும்பு அலமாரியின் சாவியை எடுத்தார். உறையின் ஒட்டு காய்ந்து, சீட்டு தானாகவே கையோடு வந்துவிட்டது. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு, சரக்கறையில் எண் பார்க்கப் பயன்படுத்தும் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். ஓரங்கள் சற்று மஞ்சளாகி இருந்தன. இடது மூலை முனை மழுங்கியிருந்தது. முகத்தில் ஒரு கீறல் இல்லை. தம்பி அணிந்திருந்த கோட்டின் மேல் பொத்தானில் ஸ்டூடியோ விளக்கு ஒரு புள்ளியாக விழுந்திருந்தது. அந்தப் புள்ளிகூட அழியாமல் இருந்தது. கணினியில் இருந்த ஸ்கேனையும் பெரிதாக்கிப் பார்த்தார். அதிலும் கோடு இல்லை. அந்தக் கோப்பு இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது. ஒருவரும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

அடுத்து அவர் பதிவேட்டைத் திறந்து நாற்பத்தொன்றாம் பக்கத்தை வாசித்தார். தாம் எழுதிய வரியைத் தாமே வாசிக்க அவருக்குக் கூசியது. 'பராமரிப்புக் குறைவால்' என்ற சொற்கள் மிகவும் தெளிவாக அச்சாகி இருந்தன. எழுத்துக்கான கருப்பு மையில் ஒரு குறையும் இல்லை.

மங்களேஸ்வரி சாப்பிட அழைத்தபோது பசியில்லை என்றார்.

அந்த வாரம் முழுவதும் அவர் பிரிண்டரைப் பற்றி மட்டுமே யோசித்தார். சுசீலாவைப் பற்றி யோசிக்காமல் இருப்பதற்கு அது வசதியாக இருந்தது. ஒன்பதாம் தேதி தேசிய நாள் விடுமுறை. எதிர் அடுக்குமாடிப் புளோக்கின் தாழ்வாரங்களில் கொடிகள் வரிசையாகத் தொங்கின. ஞானசேகரன் மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, ஒரு குறிப்பேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். பன்னிரண்டு ஆண்டுகளில் முதன்முறையாகச் சோதனைத் தாளை அச்சிட்டார். ஒவ்வொரு நிறமும் வலைபோல் மெல்லிய கோடுகளாக வரவேண்டும். மஞ்சளும் நீலமும் வந்தன. சிவப்பு வலையில் பாதிக்குமேல் அறுந்திருந்தது. படத்துக்கான கருப்பில் மூன்று இடங்களில் ஓட்டை. 'சோதனை 1, காலை 9.20' என்று எழுதித் தேதியிட்டார்.

பொத்தானை அழுத்திச் சுத்தம் செய்யச் சொன்னார். மீண்டும் சோதனைத் தாள். சிறிது முன்னேற்றம். இன்னொரு முறை. அதே நிலை. நூருல் அமீனைத் தொலைபேசியில் கேட்டபோது, "அண்ணே, திரும்பத் திரும்ப அமுக்காதீங்க, மைதான் வீணாப் போவும். மை தெளிக்கிற ஹெட்ட வெளிய எடுங்க. மருந்துக்கடையில காச்சி வடிச்ச தண்ணி விப்பாங்க, வெதுவெதுன்னு வச்சு, டிஷ்யூவ நனைச்சு, அதுமேல ஒக்கார வையுங்க. தேய்க்காதீங்க. அதுவா கக்கும்" என்றார்.

அப்படியே செய்தார். ஈரத் தாளின்மேல் வைத்த சிறிது நேரத்தில், அந்தச் சிறிய கருவியின் அடியிலிருந்து பழைய மை கசிந்து பரவியது. முதலில் கறுப்பாக, பிறகு வெற்றிலைச் சாறுபோல் சிவப்பாக. நான்கு முறை தாள் மாற்றினார். மங்களேஸ்வரி பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இவ்வளவு அழுக்கு உள்ளேயே இருந்துச்சா?"

ஞானசேகரன் கறைபட்ட தாளை மடித்துப் போட்டார். மனைவி கேட்டது பிரிண்டரைப் பற்றித்தான் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் காய்ந்த ஹெட்டைப் பொருத்தினார். சோதனை 6இல் சிவப்பு வலை முழுதாக வந்தது. சோதனை 8இல் கருப்பும் வந்தது. வரிகள் ஒன்றோடொன்று இசையும்படி ஹெட்டை நேர்செய்தார். தாளின் வகையைக் கேட்கும் இடத்தில், 'சாதாரணத் தாள்' என்றே பல ஆண்டுகளாக இருந்ததைக் கண்டு, 'பளபளப்புப் படத்தாள்' என்று மாற்றினார். தரத்தை உயர்வில் வைத்தார். அதன்பின் தம்பியின் படத்தை அச்சிட்டார். அது வெளிவர ஆறு நிமிடம் எடுத்தது. கோடு இல்லை. கன்னத்தில் நிறம் இருந்தது. பொத்தானில் விளக்கின் புள்ளி இருந்தது.

"அப்படியே கொழுந்தனாரு எதுத்தாப்புல நிக்கிற மாதிரி இருக்குங்க" என்றார் மங்களேஸ்வரி. கண்களைத் துடைத்துக்கொண்டார். "எப்படியோ சரியாயிருச்சு. கொண்டுபோய் குடுத்துட்டு வந்துருங்க. வேற எதுவும் பேசாதீங்க. கல்யாண வீடு."

அதுவே அவருடைய மனத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. படம் நன்றாக வந்துவிட்டது. எவரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அடுத்த பதிப்பில் அந்த வரியை ஓசைப்படாமல் எடுத்துவிட்டால் தீர்ந்தது. சரக்கறையில் ஒரு பொருள் குறைந்தால், எந்தக் கையெழுத்தின்கீழ் குறைந்தது என்று தேடிப்பிடிப்பவர், இப்போது தம் கையெழுத்தை எப்படி மறைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். யோசித்தார் என்பதை அவர் பின்னர் தமக்குத் தாமே ஒப்புக்கொண்டார்.

ஆகஸ்ட் பதினெட்டு, ஞாயிறு. எம்ஆர்டி ரயிலில் சிட்டி ஹால் நிலையம் வந்து, அங்கே மாறி, பிடோக் போய்ச் சேர்ந்தார். மழை பிடித்துக்கொண்டிருந்தது. புதுப்படம் ஓர் அட்டை உறையில். மூலப்படம் தனியாகச் சட்டைப் பையில்; அதை வெளியே எடுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கதவைத் திறந்த சுசீலா, "வாங்க அத்தான், நனைஞ்சிட்டீங்களே" என்று துண்டை எடுத்துக்கொடுத்தார். திவ்யதர்ஷினி புடவைக்கு அளவு கொடுக்கத் தேக்காவுக்குப் போயிருந்தாள். சமையலறையில் தாளிக்கும் மணம் வந்தது. ஜன்னல் அகலத் திறந்திருந்தது. சாரல் அடித்துத் தரையில் நீர் தேங்கி, அதன்மேல் பழந்துணி போட்டிருந்தது.

அவர் புதுப்படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

சுசீலா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். விரலால் தொடப் போனவர், தொடாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எப்படித்தான் சரி பண்ணீங்க அத்தான்? நான் கெடுத்து வச்சத… ஏழு வருஷமா நெனச்சு நெனச்சு… உங்களுக்கு எவ்ளோ வேல வச்சிட்டேன். இருங்க, திவ்யாவுக்கு போன் பண்ணிச் சொல்றேன். பெரியப்பா அப்பாவத் திருப்பிக் கொண்டுவந்துட்டாருன்னு…"

அவர் தொலைபேசியைத் தேடிக்கொண்டு நகர்ந்தார். ஞானசேகரனுக்கு வசவு கேட்டால் தாங்கிக்கொள்ள ஓரளவு தயாரிப்பு இருந்தது. நன்றிக்கு ஒரு தயாரிப்பும் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்தார்.

"சுசீலா. போன் பண்ணாதம்மா. நில்லு."

அவர் நின்றார்.

"நீ எதையும் கெடுக்கல. படம் கெடவே இல்ல." சட்டைப் பையிலிருந்து மூலப்படத்தை எடுத்து, புதுப்படத்தின் பக்கத்தில் வைத்தார். "கோடு என் பிரிண்டர் போட்டது. நான் அத ஒரு தடவகூட சோதிச்சுப் பாக்கல. இந்தப் படத்தையும் எடுத்துப் பாக்கல. பாக்காமயே உன்மேல பழி போட்டேன். எல்லாரும் இருக்கும்போது போட்டேன். புத்தகத்துலயும் எழுதினேன்."

அடுப்பில் கடுகு கருகும் வாடை வந்தது. சுசீலா உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். மூலப்படத்தைக் கையில் எடுத்து, பின்பக்கம் திருப்பி, அதில் தம் தந்தையின் கையெழுத்தில் இருந்த தேதியைப் பார்த்து, மறுபடி முன்பக்கம் திருப்பினார்.

"அப்ப, அடுப்புப் புகையில்ல."

"இல்லம்மா."

"அந்த ஜன்னல் இருக்கே அத்தான்," என்று சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். "ஏழு வருஷமா நான் அத சாத்துனதில்ல. பொரிக்கறத விட்டுட்டேன். தாளிக்கும்போதெல்லாம் புகை எங்கிட்டும் படியக்கூடாதுன்னு தெறந்துபோட்டு, மழை அடிச்சா தொடச்சுக்கிட்டு நிக்கிறேன். திவ்யா சின்னப் புள்ளைல எடுத்த ஆல்பத்த எல்லாம் அவ மாமா வீட்டுல குடுத்துட்டேன். எங்கையில இருந்தா கெட்டுப்போயிரும்னு."

ஞானசேகரன் தலையைக் குனிந்துகொண்டார். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தார். அந்தச் சொல் இப்போது மிகவும் சின்னதாகத் தெரிந்தது.

"நான் அன்னிக்கு ஒரு தடவ பாக்கலாமான்னு கேட்டேன்" என்றார் சுசீலா.

"கேட்ட."

"நீங்க குடுத்திருந்தீங்கன்னா நான் சொல்லியிருப்பேன். எனக்கு அந்தப் படம் மனப்பாடம்."

அவர் குரலில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. தேநீர் போட்டுக் கொடுத்தார். ஞானசேகரன் குடித்து முடித்துப் புறப்பட்டபோது, வாசலில் சுசீலா ஒன்றே ஒன்று கேட்டார்.

"பதினோரு வீட்டுல அந்தப் புத்தகம் இருக்கு. என்ன பண்ணப் போறீங்க?"

"ஒவ்வொரு வீடா போறேன்."

"கல்யாணத்துக்கு முன்னாடி போங்க அத்தான். அன்னிக்கு எல்லாரும் வருவாங்க. நான் அந்தப் படத்துக்குப் பக்கத்துல நிக்கணும்."

அன்று மாலையே திருத்தச் சீட்டு எழுதினார். மூன்று முறை எழுதிக் கிழித்தார். அந்த மூன்றிலும் ஏதோ ஒரு வகையில் பிரிண்டர்மேல் பழி விழுந்தது. நான்காவதைத் தாமே ஒருமுறை வாசித்துவிட்டு, பன்னிரண்டு படிகள் அச்சிட்டார். பதினொன்று உறவினர் வீடுகளுக்கு, ஒன்று தம்முடைய சொந்தப் படிக்கு.

பிறகு மூன்று வாரங்கள், வேலை முடிந்த மாலைகளிலும் சனி ஞாயிறுகளிலும், பசை டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். சீட்டை அவரே ஒட்டினார். ஒட்டுவதற்கு முன் அதை உரக்க வாசித்தார். புக்கிட் பாத்தோக்கில் இருந்த ஒன்றுவிட்ட தம்பி தங்கராஜு சிரித்துவிட்டார்.

"ரெஜிஸ்ட்ராரே தப்பு பண்ணா, நாங்க யாருகிட்டண்ணே போய் கம்ப்ளெய்ண்ட் பண்றது? இதுக்குப் போய் பஸ் ஏறி வந்தீங்களா? வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டா போதும்லா."

"அவளப் பத்தி எழுதினத நான் வாட்ஸ்அப்ல போடல தங்கராஜு. அச்சடிச்சுக் கையில குடுத்தேன்."

சிலர் அந்த வரியை வாசித்ததே இல்லை என்றார்கள். அது அவருக்கு ஆறுதலாக இருந்தது, இரண்டு வீடுகள்வரை. மூன்றாவது வீட்டில் அத்தை பூவம்மா, எண்பதைத் தாண்டியவர், சாய்வு நாற்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நாங்க என்னத்தக் கண்டோம் ஞானம்? நீ எழுதிட்ட, நாங்க நம்பிட்டோம். அவளுக்குக் கைவாகு போதாதுன்னு எல்லாரும் பேசிக்கிட்டோம். எங்க பேத்தி சுமதி வளைகாப்புக்கு அவ தட்டெடுக்க வந்தா. விழுந்துரும், நீ வையின்னு நாந்தான் வாங்கி வச்சேன். சிரிச்சுக்கிட்டே குடுத்துட்டுப் போய் மூலையில ஒக்காந்தா."

ஞானசேகரன் அந்த வீட்டில் சீட்டை ஒட்டும்போது ஓரம் கோணலாகப் போனது. பிரித்து மறுபடி ஒட்டலாம் என்று நினைத்தார். அப்படியே விட்டுவிட்டார்.

செப்டம்பர் எட்டாம் தேதி, சிராங்கூன் சாலைக் கோயில் மண்டபத்தில், மணமேடைக்கு இடப்புறம் ஒரு சிறு மேசையில் அழகப்பன் கடன் வாங்கிய கோட்டில் சிரித்துக்கொண்டிருந்தார். சுசீலா பக்கத்தில் நின்றார். தாம்பாளத்தில் மாலையும் சந்தனமும் குங்குமமும் இருந்தன. யார் ஏந்துவது என்று ஒரு கணம் தயக்கம் வந்தபோது, பூவம்மா அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே, "சுசீலாகிட்ட குடுங்கடி" என்று அதட்டினார். ஞானசேகரன் கடைசி வரிசையில், ஒரு தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தார். சிலர் அருகில் வந்து, படம் பிரமாதமாக வந்திருக்கிறதே, என்ன பிரிண்டர் என்று கேட்டார்கள். "பழசுதான்" என்று மட்டும் சொன்னார். சுசீலா ஒருமுறை அவர் இருந்த பக்கம் பார்த்தார். சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இப்போது ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ளது இவ்வளவுதான்:

"அழகப்பனின் நிழற்படம், 1993. இப்பக்கத்தில் முன்பு எழுதியிருந்தது பொய். எழுதியவர் ஞானசேகரன், படத்தைப் பார்க்காமல் எழுதினார். படம் நல்ல நிலையில் உள்ளது. 18.8.2024 அன்று சுசீலாவிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

சுசீலாவின் வசம் இருந்த காலம்: இருபத்து நான்கு ஆண்டுகள்.

சுசீலாவிடமிருந்து எடுத்து வைத்திருந்த காலம்: ஏழு ஆண்டுகள், நான்கு மாதங்கள்."